தண்ணீர் வந்த பிறகு

திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி நிற்காத தெரு குறைவு. கர்நாடகம், ஆந்திரா, மகாராஷ்டிரா, ராஜஸ்தான் என்று எங்கள் பக்கத்து வண்டிகள் போகாத மாநிலம் கிடையாது. கொஞ்சம் துணிந்தவர்கள் வண்டியைக் கப்பலேற்றி ஆப்பிரிக்காவுக்கும் கொண்டுபோனார்கள். அப்படிப் போன ஒரு நிறுவனத்தில் சைட் சூப்பர்வைசராக நான் பல வருஷம் கென்யாவில் இருந்தேன். ஆபீஸ் நைரோபியில். வேலை முழுக்க வடக்கே, துர்கானா, மார்சபிட், இசியோலோ, வஜீர் பக்கம். போர் போடச் சொல்லிப் பணம் கொடுப்பவை பெரும்பாலும் நிவாரண அமைப்புகள், சில சமயம் மாவட்ட அரசுகள்.

ஊருக்கு வந்தால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அங்கே எத்தனை அடியில தண்ணி?" தொழில்காரர்கள் அப்படித்தான் கேட்பார்கள். 300 அடியிலும் வரும். 700 அடி போயும் வெறும் புழுதி பறந்த இடமும் உண்டு. ஆனால் அந்தப் பூமியில் ஒரு போர் ஊரைக் காப்பாற்றுமா, ஊருக்குள் சண்டை மூட்டுமா என்பதற்கும் அடிக்கணக்குக்கும் சம்பந்தமே இல்லை. அதைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

துர்கானா மாவட்டம் மட்டும் பரப்பில் தமிழ்நாட்டில் பாதி இருக்கும். 2019 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 9 லட்சத்துச் சொச்சம் பேர். தலைமையூரான லோட்வாரில் ஆண்டு மழை சுமார் 200 மில்லிமீட்டர். மார்ச் முதல் மே வரை ஒரு மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு மழை. வெள்ளாமையை நம்பிப் பிழைக்க முடியாது. ஆடு, மாடு, ஒட்டகம், கழுதை இவைதான் சொத்து. மழை விழுந்த பக்கம் மந்தை போகும், மந்தையோடு ஆட்கள் போவார்கள். திக்குத் தெரியாமல் அலைகிறார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். எந்த மாதத்தில் எந்தப் புல்வெளி, யாருக்கு முதல் உரிமை, எந்தப் பள்ளத்தை வறட்சிக்கென்று தொடாமல் வைத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களிடம் கணக்காக இருக்கிறது. எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

2020 அக்டோபரில் தொடங்கி 2022 டிசம்பர் முடிய ஐந்து மழை வரிசையாகப் பொய்த்தது. கென்யாவில் மட்டும் 25 லட்சத்துக்கு மேல் கால்நடைகள் செத்தன. 2023 தொடக்கத்தில் 44 லட்சம் கென்யர்களுக்குப் போதிய உணவில்லை. எல்லைக்கு அப்பால் சோமாலியாவில், 2022 ஒரே ஆண்டில், வழக்கத்தைவிட 43,000 பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் கேட்டுச் செய்வித்த ஆய்வு மதிப்பிட்டது. அதில் பாதி, ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள்.

பசி ஒரே நாளில் வந்து இறங்குவதில்லை. முதலில் பால் வற்றும். அந்த ஊர்க் குழந்தைக்குப் பால்தான் சோறு. மந்தை மெலிந்ததும் ஆண்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு புல் தேடி வெகுதூரம் போய்விடுவார்கள். மிச்சமிருக்கும் பாலும் அவர்களோடு போய்விடும். பெண்களும் குழந்தைகளும் வயதானவர்களும் குடிசையில் இருப்பார்கள். அடுத்து சந்தை சரியும். எல்லாரும் ஒரே சமயத்தில் ஆட்டை விற்க வந்தால் ஆட்டு விலை விழும். மக்காச்சோளம் லாரியில் வர வேண்டும் என்பதால் அதன் விலை ஏறும். ஓர் ஆடு விற்றால் ஒரு மூட்டை சோளம் என்று இருந்த குடும்பம், இரண்டு மூன்று ஆடு கொடுத்தாலும் மூட்டை நிரம்பாத நிலைக்கு வரும். கென்ய அரசின் வறட்சி மேலாண்மை ஆணையம் மாதாமாதம் வெளியிடும் அறிக்கையில் இந்த ஆட்டு விலையும் சோள விலையும்கூட இருக்கும். தண்ணீருக்கு எத்தனை கிலோமீட்டர் நடக்கிறார்கள், குழந்தைகளின் கைச்சுற்றளவு என்ன, செயற்கைக்கோள் படத்தில் பசுமை எவ்வளவு என்று எல்லாம் இருக்கும். ஆக, தகவல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பணம்தான் பிந்தி வருகிறது. எலும்பும் தோலுமாக ஒரு குழந்தையின் படம் டிவியில் வந்தால்தான் பை திறக்கிறது. அதற்குள் அந்தக் குடும்பத்தின் ஆடு முழுக்கப் போயிருக்கும். அதன்பின் நல்ல மழை பெய்தாலும் அவர்களுக்கு என்ன?

எங்களுக்கு வேலை வருவதும் அப்போதுதான். வறட்சி முற்றியதும் டெண்டர் மேல் டெண்டர் வரும். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: அவசரம்.

அவசரத்தில் போடும் கணக்கு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நிவாரணப் பணிகளுக்கென்று உலக அளவில் ஒரு அளவுகோல் உண்டு: ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர், ஒரு கைப்பம்புக்கு 500 பேருக்கு மேல் கூடாது. நூறு குடும்பம், குடும்பத்துக்கு ஆறு பேர் என்றால் 9,000 லிட்டர். எஞ்சினியர் அதற்கேற்ற மோட்டாரும் தொட்டியும் எழுதிவிடுவார். ஆனால் அந்த நூறு குடும்பத்துக்கும் பத்துப் பத்து மாடு இருந்து, மாட்டுக்கு 30 லிட்டர் என்று வைத்தால் அதுவே 30,000 லிட்டர். வெகுநாள் தண்ணீர் காணாத ஒட்டகம் வந்தால் ஒரே மூச்சில் 100 லிட்டர் குடிக்கும். தண்ணீர் இருக்கிறது என்ற செய்தி பரவினால் வருவது நூறு குடும்பமா? மூன்று நாள் நடை தூரத்திலிருந்து மந்தைகள் வந்து நிற்கும். வரிசையில் யார் முன்னே, யார் பின்னே என்று அங்கேதான் தொடங்கும்.

இசியோலோ பக்கம் ஒரு வேலை. பாயிண்ட் ஏற்கெனவே குறித்தாகிவிட்டது, கருவி வைத்துப் பார்த்த சர்வே ரிப்போர்ட்டும் கையில் இருந்தது. வண்டியை நிறுத்தி ஜாக்கி இறக்கும் நேரத்தில் போரானா இனப் பெரியவர்கள் நாலைந்து பேர் வந்து மரத்தடியில் உட்கார்ந்தார்கள். அவர்களில் மூத்தவர் பேச, எங்கள் உள்ளூர் உதவியாளர் மொழிபெயர்த்துச் சொன்னார்.

"தம்பி, இங்கே தண்ணி வரும். அது எங்களுக்கே தெரியும். அதனாலதான் இங்கே போட வேண்டாம்கிறோம்."

"ஏன் ஐயா, தண்ணி வேண்டாமா?"

"இது வறட்சிக்குன்னு வெச்சிருக்கிற புல். தண்ணி இல்லாததால்தான் மத்த நாள்ல யாரும் இங்கே தங்கறதில்லை, புல்லும் மிஞ்சுது. நீ தண்ணி எடுத்துக் கொடுத்துட்டா வருஷம் பூரா இங்கேயே குடிசை போட்டு உட்கார்ந்துக்குவாங்க. அடுத்த வறட்சிக்கு நாங்க எங்கே போறது? அது மட்டுமில்லை. வடக்கே இருக்கிறவங்களும் இது தங்களோட இடம்னு சொல்றவங்க. அவங்களைக் கேட்டீங்களா?"

யாரும் கேட்டிருக்கவில்லை. நைரோபிக்குப் போன் போட்டேன். பணம் கொடுக்கும் அமைப்பின் நிதியாண்டு அந்த மாதத்தோடு முடிகிறது, பில் அதற்குள் போயாக வேண்டும் என்று பதில் வந்தது. போட்டோம். நல்ல தண்ணீர், மூன்று இஞ்சுக்குக் குறையாமல் பீறிட்டது. போட்டோ எடுத்தார்கள், பலகை வைத்தார்கள். அடுத்த வருஷம் அதே வழியாக வேறொரு வேலைக்குப் போனபோது சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை மண். புல் இருந்த சுவடே இல்லை. இரும்புத் தொட்டியில் துப்பாக்கிக் குண்டு துளைத்த ஓட்டைகள். ஜெனரேட்டரைக் காணோம்.

போரானாக்களிடம் கிணற்றுக்கு ஒரு முறைகாரர் உண்டு, 'அபா ஹெரேகா' என்பார்கள். எந்த வீட்டு மாடு எந்த நாள், கன்றுக்கு எப்போது, வெளியூர் மந்தை வந்தால் எங்கே என்று அவர் சொன்னால் சொன்னதுதான். மேய்ச்சலுக்கு 'தேதா' என்ற சபை. இசியோலோவில் பின்னாளில் இந்தச் சபைகளின் கையிலேயே கொஞ்சம் நிதியைக் கொடுத்து, எங்கே கிணறு, எங்கே தடுப்பு என்று அவர்களே முடிவு செய்யட்டும் என ஒரு திட்டம் வந்தது. வறட்சியில் மட்டும் திறந்து, மழை வந்ததும் பூட்டி வைக்கும் போர்கள் என்ற யோசனையும் உண்டு. பூட்டத்தான் சபை வேண்டும். சர்வே கருவிக்கு அது தெரியாது.

துப்பாக்கி எப்படி வந்தது என்றும் கேட்பார்கள். வில்லும் ஈட்டியும் கொண்டு மாடு கவர்வது அங்கே பழைய வழக்கம். நம் சங்கப் பாட்டில் வரும் வெட்சித்திணையை நினைத்துக்கொள்ளுங்கள். 1979-இல் உகாண்டாவில் இடி அமீன் வீழ்ந்தபோது மொரோட்டோ என்ற ஊரில் இருந்த ராணுவ முகாமைக் கரமோஜா மேய்ப்பர்கள் சூறையாடினார்கள். அங்கிருந்து தானியங்கித் துப்பாக்கிகள் பரவின. பிறகு சூடான், எத்தியோப்பியா, சோமாலியா யுத்தங்களின் மிச்சமும் எல்லை தாண்டி வந்து சேர்ந்தது. வீரத்துக்கும் மணப்பெண் பரிசத்துக்கும் நடந்த கவர்தல், லாரி வைத்து மாடு ஏற்றி விற்கும் வியாபாரமாகிவிட்டது. 2012 நவம்பரில் பாரகோய் அருகே சுகுதா பள்ளத்தாக்கில், திருட்டுப் போன மாடுகளை மீட்கப் போன போலீஸ்காரர்கள் 40 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அரசுக்கே அந்த நிலை என்றால், ஜெர்ரிகேனோடு தண்ணீருக்கு நடக்கும் பெண்ணின் நிலையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

வடகிழக்கே வேறு வகைப் பயம். 2014 டிசம்பரில் மண்டேராவில் ஒரு கல்குவாரியில் தூங்கிக்கொண்டிருந்த 36 தொழிலாளர்களைச் சோமாலியாவின் அல்-ஷபாப் தீவிரவாத அமைப்பு கொன்றது. 2015 ஏப்ரலில் காரிஸா பல்கலைக்கழகத்தில் 148 பேர். அதற்குப்பின் வெளியூர் ஆசிரியர்களும் நர்சுகளும் கூட்டங்கூட்டமாக அந்த மாவட்டங்களை விட்டுப் போனார்கள். பள்ளிக்கூடம் கட்டடமாக இருந்தது, பாடம் நடத்த ஆளில்லை. எங்கள் பையன்களும் மண்டேரா என்றால் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் அழுகிறார்கள் அண்ணே, என்றால் நான் என்ன சொல்ல? போலீஸ் காவலோடு போனால் செலவு ஏறும். செலவு ஏறினால் அதே பணத்தில் போடும் போர் குறையும். சண்டை நடக்கும் இடத்துக்குத்தான் உதவி அதிகம் வேண்டும், அங்கேதான் அது மிகக் குறைவாகப் போய்ச் சேர்கிறது.

சண்டையை நிறுத்திய கதைகளும் உண்டு, அவற்றைப் பற்றி இங்கே யாரும் எழுதுவதில்லை. 1973-இல் துர்கானாக்களும் உகாண்டாப் பக்கத்து மதெனிகோக்களும் லோகிரியாமா என்ற இடத்தில் ஆயுதங்களைப் புதைத்துச் சமாதானம் செய்துகொண்டார்கள். அந்த நாளை இன்றும் அங்கே கூடி நினைவுகூர்கிறார்கள். வஜீரில் 1990-களின் தொடக்கத்தில் குலச் சண்டை உச்சத்தில் இருந்தபோது, ஒரு குலத்துப் பெண் இன்னொரு குலத்தாரிடம் பால் வாங்கக்கூடாது, விற்கக்கூடாது என்ற நிலை சந்தைக்கே வந்தது. தேக்கா இப்ராஹிம் அப்தி என்ற இளம்பெண்ணும் சில தோழிகளும் சந்தையிலிருந்தே வேலையைத் தொடங்கினார்கள். எந்தப் பெண்ணும் எந்தக் குலத்தாரோடும் வியாபாரம் செய்யலாம் என்று சொல்லி, தகராறு வந்தால் அங்கேயே தீர்த்துவைக்கக் குழு போட்டார்கள். பிறகு பெரியவர்களிடம் போனார்கள், இளைஞர்களிடம் போனார்கள், கடைசியில் அரசு அதிகாரிகளையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவந்தார்கள். 1993-இல் குலப் பெரியவர்கள் ஒப்பந்தம் போட்டார்கள். அந்த அமைதிக் குழுக்களின் மாதிரியைப் பின்னர் நாடு முழுக்க எடுத்துக்கொண்டார்கள். தேக்காவுக்கு 2007-இல் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. 2011-இல் விபத்தொன்றில் காயமடைந்து இறந்துபோனார். என் கணக்கில் நாங்கள் போட்ட எந்தப் போரைவிடவும் அந்தப் பெண்களின் வேலையால் அதிகம் பேருக்குத் தண்ணீர் கிடைத்திருக்கும். சண்டை இல்லாவிட்டால்தான் இருக்கிற கிணறே எல்லாருக்கும் பயன்படும்.

தண்ணீரின் தரம் இன்னொரு தலைவலி. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஃப்ளோரைடு பற்றி நான் சொல்ல வேண்டாம். பல்லில் கறை, எலும்பில் வளைவு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். கென்யாவின் பெரும்பிளவுப் பள்ளத்தாக்கிலும் நிலத்தடி நீரில் அதே தொல்லை. 2013 செப்டம்பரில் துர்கானாவின் லோதிகிப்பியில் பிரமாண்டமான நிலத்தடி நீர்த்தேக்கம் கண்டுபிடித்துவிட்டதாக அரசும் யுனெஸ்கோவும் அறிவித்தன. கென்யாவின் தண்ணீர்ப் பஞ்சமே தீர்ந்தது என்று உலகப் பத்திரிகைகள் எல்லாம் கொண்டாடின. பிறகு துளை போட்டுச் சோதித்தால் குடிக்க முடியாத உப்பு. அந்தச் செய்தி ஒரு மூலையில் வந்தது.

நல்ல தண்ணீராகவே இருந்தாலும் பம்பு ஓட வேண்டுமே. நம் ஊர்களில் தெருமுனையில் நிற்கும் அடிபம்பு, இந்தியா மார்க் 2, 1970-களில் யுனிசெப் துணையோடு சென்னையில் உருவாகி, கோவை வட்டாரத்துக் கிராமங்களில் சோதித்துப் பார்க்கப்பட்டது. அதே பம்பை ஆப்பிரிக்கா முழுக்கப் பார்க்கலாம். துர்கானாவில் முதன்முதலாக அதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. கிட்டப் போனால் கைப்பிடி தொங்கிக்கொண்டிருந்தது. சஹாராவுக்குத் தெற்கே உள்ள கைப்பம்புகளில் சுமார் மூன்றில் ஒன்று ஓடவில்லை என்று 2009-இல் 20 நாடுகளின் கணக்கைத் திரட்டிச் சொன்னார்கள். வாஷர் தேய்ந்திருக்கும், ராடு அறுந்திருக்கும். நம்மூரில் ஒரு மெக்கானிக் அரைநாளில் சரிசெய்வார். அங்கே அந்த உதிரிப்பாகம் 300 கிலோமீட்டருக்கு அப்பால், வாங்கப் போகும் பஸ் கட்டணமே பாகத்தின் விலையை மிஞ்சும். ஊர்க்காரர்களே கழற்றி மாட்டும்படி 'ஆப்ரிதேவ்' என்றொரு பம்பை 1980-களில் கென்யாவிலும் மலாவியிலும் உருவாக்கினார்கள். நல்ல பம்பு. ஆனால் போர் ஆழமானால் அதற்கு எட்டாது, மோட்டார்தான் இறக்க வேண்டும். மோட்டாருக்கு டீசல், டீசலுக்குக் காசு, காசை வசூலிக்க ஒரு கமிட்டி, கமிட்டிக்குள் ஒரு தகராறு. சோலார் வந்தபின் டீசல் தொல்லை குறைந்திருக்கிறது. பேனல் திருட்டு கூடியிருக்கிறது.

2015-க்குப்பின் ஐந்து வட மாவட்டங்களில் அமெரிக்க உதவியோடு ஒரு திட்டம் நடந்தது. போர் மோட்டார்களில் சிறிய கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். மோட்டார் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று அது தானாகச் செய்தி அனுப்பும். மாவட்ட நீர் அலுவலகத்தில் இருப்பவர் பார்த்து மெக்கானிக்கை அனுப்பலாம். புதிய போர் ஒன்றுக்கு ஆகும் காசில் எத்தனையோ பழைய போர்களை ஓடவைக்க முடியும் என்பது எங்கள் தொழிலுக்கு நஷ்டமான உண்மை. இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கையில் காசு கொடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கே ஆரம்பத்தில் அதில் நம்பிக்கை இல்லை. கொடுத்தால் குடித்துத் தீர்ப்பார்கள் என்று நம் ஊர்த் திண்ணையில் பேசுவதைத்தான் நானும் நினைத்தேன். துர்கானா, மார்சபிட், வஜீர், மண்டேராவில் சுமார் 1,00,000 ஏழைக் குடும்பங்களுக்கு இரண்டு மாதத்துக்கொரு முறை வங்கிக் கணக்கில் பணம் போடும் திட்டம் பல ஆண்டுகளாக நடக்கிறது. தொகை 5,400 ஷில்லிங்வரை இருந்தது. வறட்சி மோசமானால் பசுமைக் கணக்கைப் பார்த்து இன்னும் பல குடும்பங்களுக்கும் விரிப்பார்கள். லோட்வார் சாலையில் ஒரு கடைக்காரர் எனக்கு விளக்கியது: "அந்த அம்மாவுக்குப் பணம் வரும்னு எனக்குத் தெரியும், அதனால இப்பவே சோளமாவு கடன் கொடுத்துடுவேன்." ஆட்டை அடிமாட்டு விலைக்கு விற்காமல் தாக்குப்பிடிக்க அந்தக் கடன் போதும்.

மார்சபிட்டில் 2010-இல் தொடங்கிய கால்நடைக் காப்பீடு இன்னொன்று. மாடு செத்ததா என்று போய்ப் பார்ப்பதில்லை. வானத்திலிருந்து பார்த்து, புல் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் பணம். ஒரு குறை: படத்தில் பச்சையாகத் தெரிவதெல்லாம் புல் இல்லை. சீமைக் கருவேலமும் பச்சைதான். அங்கேயும் அது இருக்கிறது. எங்கள் டிரைவர் பரமக்குடிக்காரர், கண்டதும் வண்டியை நிறுத்திவிட்டார். விறகுக்கும் மணல் அரிப்பைத் தடுக்கவும் என்று 1970, 80-களில் அரசும் வெளிநாட்டு நிபுணர்களும் கொண்டுவந்து நட்டது. 'மதெங்கே' என்கிறார்கள். அதன் இனிப்புக் காயைத் தின்று பல் கொட்டிப்போன ஆட்டைப் பாரிங்கோ மக்கள் நீதிமன்றத்துக்கே கொண்டுபோய் நிறுத்தி அரசுமீது வழக்காடினார்கள். உதவி செய்கிறேன் என்று வருபவர்கள் ஊராரைக் கேட்காமல் நட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி அந்த ஆடு.

2023-இல் மழை வந்தது. அந்த ஆண்டின் இறுதியில் எல் நினோ வெள்ளமாக வந்து, தப்பிய ஆடுகளையும் அடித்துக்கொண்டு போனது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியது. 1984 எத்தியோப்பியப் பஞ்சத்துக்குப்பின் தொடங்கி, அமெரிக்கப் பணத்தில் ஓடி, வறட்சியை முன்கூட்டியே சொல்லிவந்த பஞ்ச எச்சரிக்கை அமைப்பும் அந்த மாதமே முடங்கியது. மாதங்கள் கழித்துத்தான் மீண்டது. ஜூலை 1 அன்று, அமெரிக்காவின் உதவியை நடத்திவந்த யுஎஸ்எய்ட் என்ற நிறுவனமே மூடப்பட்டது. அதன் பணத்தில் ஓடிய வேலைகள் பலவும் நின்றன.

இப்போது வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு செய்தி வருகிறது: இத்தனை ஆயிரம் கொடுத்தால் உங்கள் பெற்றோர் பெயரில் ஆப்பிரிக்காவில் ஒரு போர்வெல், பெயர்ப்பலகையோடு. கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கொடுப்பதற்கு முன் நாலு கேள்வி கேளுங்கள். அந்த இடத்தில் போட ஊர்ச் சபையும் பக்கத்து இனத்தாரும் சம்மதித்தார்களா? தண்ணீரை ஃப்ளோரைடுக்கும் உப்புக்கும் சோதித்தீர்களா? மோட்டார் நின்றால் யார், எந்தக் காசில் சரிசெய்வார்கள்? பக்கத்தில் ஏற்கெனவே நின்றுபோன பம்பு இருக்கிறதா, அதை ஓடவைக்க எவ்வளவு ஆகும்? பதில் சொல்பவரிடம் பணத்தைக் கொடுங்கள். போட்டோ மட்டும் அனுப்புகிறவரிடம் கொடுக்காதீர்கள்.